தோல்வி எழுதப்படும் முறை: ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் தளபதி லாலி

ஆனந்தரங்கப் பிள்ளையின் தினப்படிச் சேதிக்குறிப்பு பற்றிய தமிழ்த் திறனாய்வு பெரிதும் துய்ப்ளேக்ஸின் ஆட்சிக் காலத்தைச் சுற்றியே அமைந்துள்ளது. பிள்ளையின் செல்வாக்கு உச்சத்தில் இருந்த காலம் அது என்பதால் இதில் வியப்பில்லை. பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ ஆகிய புதினங்களும் துய்மா, துய்ப்ளேக்ஸ் காலப் புதுச்சேரியையே களமாகக் கொண்டன. 1758 முதல் 1761 வரையிலான இறுதிப் பகுதியோ, போர் வரலாறு எழுதுவோர் நாளும் நிகழ்வும் சரிபார்க்கும் ஆவணம் என்ற அளவிலேயே நின்றுவிட்டது. தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு தளபதியைப் பற்றிய எழுத்து என்ற வகையில் அப்பகுதி தனியே வாசிக்கத்தக்கது. பாரிசு நீதிமன்றமும் வோல்தேரும் காட்டிய லாலி அதில் இல்லை.

அயர்லாந்து வழிவந்த லாலி, 1745இல் ஃபோந்தெனுவா போரில் பெயர் பெற்றவர். 1758 ஏப்ரலில் புதுச்சேரி வந்திறங்கி, சூன் 2ஆம் நாளுக்குள் கடலூரின் புனித டேவிட் கோட்டையைக் கைப்பற்றினார். அதன்பின் தஞ்சை முற்றுகை கைவிடப்பட்டது. 1758 திசம்பரில் தொடங்கிய சென்னை முற்றுகையும் அடுத்த பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் தோன்றியதும் கலைந்தது. 1760 சனவரி 22இல் வந்தவாசியில் அயர் கூட்டிடம் தோற்றார், புய்சி சிறைப்பட்டார். 1761 சனவரி 16இல் புதுச்சேரி சரணடைந்தது.

இந்நிகழ்வுகளைப் போர்க்களங்களின் வரிசையாகக் காண்பது ஐரோப்பிய நூல்களின் இயல்பு. நாட்குறிப்பில் போர்க்களம் தொலைவில் உள்ளது. அங்கிருந்து வருவது செய்தியும் வதந்தியுமே. அருகில் இருப்பது பணம். குத்தகைப் பாக்கி, வணிகர்மீது சுமத்தப்படும் கடன், சம்பளம் பெறாத படை, ஊரைவிட்டு வெளியேறும் குடும்பங்கள் என்பனவே பிள்ளையின் கவனத்தை ஈர்க்கின்றன. வணிகரின் கண் அது. ஆயினும் அக்கண் காண்பது போரின் புறச்செய்தியன்று. லாலி தஞ்சைமீது படையெடுத்ததே, அந்நாட்டரசர் முன்பு எழுதிக்கொடுத்த அரைக்கோடிக்கு மேற்பட்ட ரூபாய்க்கான பத்திரத்தை வசூலிப்பதற்காகத்தான். வழியில் நாகூர் சூறையாடப்பட்டது. கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் தேடப்பட்டது. அங்கு அந்தணர் சிலர் ஒற்றர் எனப்பட்டுப் பீரங்கி வாயில் கட்டிக் கொல்லப்பட்டனர். இத்தனைக்குப் பின்னும் கருவூலம் நிறையவில்லை. 1759 அக்டோபரில் சம்பள பாக்கிக்காகப் பிரெஞ்சுப் படையே கலகம் செய்தது. வந்தவாசிக்கு மூன்று மாதங்களுக்கு முந்தைய நிகழ்வு இது.

கூலியாட்கள் செய்தியும் இவ்வாறே. கடலூர் முற்றுகைக்குச் சுமை தூக்க ஆளில்லாதபோது, சாதி வேறுபாடு பாராது ஊரார் பிடித்து இழுக்கப்பட்டனர். பிற்கால வரலாற்றாசிரியர்கள் இதனை உள்ளூர் வழக்கம் அறியாத ஒருவரின் பிழையாகக் காட்டுவர். அவ்விளக்கம் போதாது. மாடும் வண்டியும் ஆளும் தானியமும் திரட்டித் தருவதற்குத் துபாஷிகளும் வணிகர்களும் கொண்ட ஓர் அமைப்பு புதுச்சேரியில் பல பத்தாண்டுகளாக இயங்கிவந்தது. லாலி அந்த அமைப்பை ஊழலின் கூடாரமாகவே கண்டார். அதில் உண்மையும் இருந்தது. எனினும் அதனை ஒதுக்கியபின் அவர் கையில் எஞ்சியது கட்டாயம் ஒன்றே. கடன் தரும் நம்பிக்கை ஊரில் மறைந்த கதையை நாட்குறிப்பு தன்னறியாமலேயே பதிவுசெய்கிறது.

வோல்தேரின் நோக்கம் வேறு. 1766 மே 9இல் வாய்க்கட்டு இட்டு அழைத்துச் செல்லப்பட்டுத் தலை துண்டிக்கப்பட்ட மனிதருக்கு நீதி கோருவதே 1773இல் அவர் எழுதியதன் உயிர்நாடி. லாலியின் மகனும் அதற்காகவே போராடினார். 1778இல் தீர்ப்பு நீக்கப்பட்டது. குற்றம் சாட்டியோரும் மறுத்தோரும் ஒரே வினாவுக்குள் நின்றனர்: லாலி துரோகியா, அல்லரா? துரோகியல்லர் என்பதில் இன்று ஐயமில்லை. ஆனால் அவ்வினா தோல்வியை ஒரு தனிமனிதரின் நெஞ்சுக்குள் சுருக்கிவிடுகிறது. நாட்குறிப்புக்கு அவ்வினா இல்லை. முடிவு அறியாமல் நாள்தோறும் எழுதப்பட்டதால், பழியைப் பின்னோக்கிப் பங்கிடும் வாய்ப்பும் அதற்கில்லை.

இதனால் பிள்ளையை நடுநிலைச் சான்றாளராகக் கொள்ளல் ஆகாது. 1756இல் தலைமைத் துபாஷி பதவியை இழந்தவர் அவர்; நோயாளி; பதவியில் அமர்ந்தோர்மீது மனக்குறை உடையவர். லாலியின் கடுமையைப் பற்றி எழுதுங்கால், இழந்த தம் காலத்தை எண்ணும் குரலும் உடன் ஒலிப்பது இயல்பே. கோள்நிலையிலும் நல்ல நேரத்திலும் அவர் கொண்ட நம்பிக்கையைப் பகுத்தறிவின் குறையாக எண்ணித் தள்ளிவிடுவதும் பொருந்தாது. ஆலோசனை கேட்கப்படாத ஒருவர், நிகழ்வுக்குக் காரணம் தேடும் வழி அது.

வகுப்பு சார்ந்த வரம்பும் உண்டு. 1760 நவம்பரில் உணவு குறைந்தபோது, லாலி உள்ளூர் மக்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை நகருக்கு வெளியே அனுப்பினார். ஆங்கிலப் படை வழிவிடாமல் தடுத்தது. இரு படைகளுக்கும் இடையே பல நாள் பட்டினி கிடந்தபின்னரே அவர்கள் செல்ல விடப்பட்டனர். அவர்களுள் எவரும் குறிப்பு எழுதவில்லை. மதிலுக்குள் இருந்த பிள்ளையின் ஏடு, அவர்களது பசியை உள்ளிருந்து சொல்ல இயலாதது. அவ்வேடும் 1761 சனவரியோடு நின்றுவிடுகிறது. நகரம் வீழும் தறுவாயில், அதே மாதத்தில், பிள்ளை மறைந்தார். கோட்டைக் கொடி இறங்கிய நாளைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது.