பூஜ்யம் புள்ளி, 14 வெற்றி

ஆஸ்திரேலிய ரக்பி லீக்கின் 2010 புள்ளிப் பட்டியலைக் கீழிருந்து படிக்க வேண்டும். 16 அணிகளில் பதினாறாவது மெல்போர்ன் ஸ்டார்ம். ஆடியது 24, வென்றது 14, தோற்றது 10, புள்ளிகள் 0. அதற்கு நேர் மேலே பதினைந்தாவதாக நார்த் குவீன்ஸ்லாந்து கவ்பாய்ஸ். அவர்கள் வென்றதே 5 ஆட்டம்தான்.

அச்சுப்பிழை இல்லை. அந்த லீக்கில் வெற்றிக்கு 2 புள்ளி, ஆட்டமில்லாத ஓய்வு வாரத்துக்கும் 2 புள்ளி. அப்படிக் கூட்டினால் ஸ்டார்முக்கு 32 வர வேண்டும். ஐந்தாவது இடம், பிளே-ஆஃப் நிச்சயம். லீக் போட்டதோ பெரிய சுழி. கடைசி இடத்துக்கு அங்கே 'மரக் கரண்டி' என்று ஒரு கேலிப் பட்டம் உண்டு. 2009-இல் கோப்பையைத் தூக்கிய அணிக்கே 2010-இல் கரண்டி போய்ச் சேர்ந்தது.

காரணம் ஊரறிந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐபிஎல் ஏலத்தில் ஓர் அணி இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று வரம்பு இருக்கிறதே, அதே ஏற்பாடு ரக்பி லீக்கிலும் உண்டு. ஓர் அணியின் மொத்தச் சம்பளம் அந்த வரம்பைத் தாண்டக் கூடாது. ஸ்டார்ம் நிர்வாகம் இரட்டைக் கணக்கு வைத்திருந்தது. லீக்கிடம் காட்ட ஓர் ஒப்பந்தம். வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு வீரர்களுக்குத் தனிக் கடிதம். 2010 ஏப்ரல் 22 அன்று லீக்கின் தலைமை நிர்வாகி டேவிட் கேலப் விஷயத்தைப் போட்டு உடைத்தார். ஐந்து ஆண்டுகளில் 17 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கூடுதலாகப் போயிருக்கிறது என்றார். பின்னால் நடந்த தணிக்கையில் தொகை 30 லட்சத்தையும் தாண்டியது.

தண்டனை அன்றைக்கே வந்தது. 2007, 2009 கோப்பைகள் பறிபோயின. லீக் சுற்றில் முதலிடம் பிடித்ததற்கான 2006, 2007, 2008 பட்டங்களும் போயின. 5 லட்சம் டாலர் அபராதம். பரிசாக வாங்கிய 11 லட்சத்தை மற்ற 15 அணிகளுக்கும் பங்கிட்டார்கள். அந்தப் பருவத்தில் அதுவரை சேர்த்த 8 புள்ளிகள் ரத்து. இனி எத்தனை ஆட்டம் வென்றாலும் புள்ளி கிடையாது. அந்த அணி அந்த நிமிடம்கூட வரம்புக்கு மேலேதான் நின்றது. அதற்கு எப்படிப் புள்ளி கொடுப்பது என்பது லீக்கின் வாதம். சரியான வாதம்தான்.

ஆனால், இதிலே ஒரு வினோதம் இருக்கிறது. தடை விதித்தால் ஓர் அணி வீட்டில் உட்கார்ந்துகொள்ளும். ஸ்டார்மை உட்கார விடவில்லை. இன்னும் 18 ஆட்டம் பாக்கி. டிக்கெட் விற்றாயிற்று, தொலைக்காட்சி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று, எதிரணிகள் காத்திருக்கின்றன. வந்து ஆடு, அடிபடு, ஜெயித்தாலும் ஒன்றுமில்லை, போ என்றது லீக். 2002-இல் கேன்டர்பரி புல்டாக்ஸும் இதே குற்றத்துக்காக 37 புள்ளிகளை இழந்து கடைசி இடத்துக்குப் போனது. ஆனால் அவர்களுக்குத் தீர்ப்பு வந்தது ஆகஸ்டில், பருவத்தின் கடைசி நாட்களில். ஸ்டார்முக்கு ஏப்ரலிலேயே வந்துவிட்டது. முன்னால் நாலு மாதம் இருந்தது.

தீர்ப்பு வந்த மூன்றாம் நாள், ஏப்ரல் 25, அன்சாக் தினம். நியூசிலாந்து வாரியர்ஸுடன் மெல்போர்னில் ஆட்டம். ஆஸ்திரேலியக் கால்பந்துக்கே உயிரைக் கொடுக்கும் அந்த ஊரில், ரக்பி லீக் பார்க்க இருபதாயிரத்துக்கும் மேல் கூட்டம். ஸ்டார்ம் 40-6 என்று நொறுக்கியது. இந்த இடத்தில்தான் கதாசிரியர்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். அவமானப்பட்ட அணி, அநியாயமாகச் சிக்கிய வீரர்கள், மானத்துக்காக ஆடினார்கள், இத்யாதி. அந்த ஒரு மாலைக்கு அது பொருந்தும், ஒத்துக்கொள்கிறேன். கோபம் ஒரு வாரம் ஓட்டும், இரண்டு வாரமும் ஓட்டும். ஜூலை மாதக் குளிரில், முட்டி வீங்கிய நிலையில், ஒன்றுக்கும் உதவாத பதினேழாவது ஆட்டத்துக்குக் கோபம் எங்கிருந்து வரும்?

அதனால் உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு எண்களைப் பார்க்கலாம். 2009 லீக் சுற்றில், கோப்பைக்குப் போகும் வழியில், ஸ்டார்ம் வென்றது 14, சமன் 1, தோற்றது 9. ஆட்டங்களில் எடுத்த ஸ்கோர் 505, எதிரணிகளுக்குக் கொடுத்தது 348. புள்ளியே இல்லாத 2010-இல் வென்றது 14, தோற்றது 10. எடுத்தது 489, கொடுத்தது 363. பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஆண்டை மறைத்துவிட்டால், எது சாம்பியன் அணி, எது தண்டனை அணி என்று சொல்லத் திணற வேண்டியிருக்கும். சரிந்துவிடும் என்றவர்களும் தப்பு, சிலிர்த்து எழுந்தது என்றவர்களும் தப்பு. ஒன்றுமே மாறவில்லை.

அந்த 363-ஐக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2010-இல் அதைவிடக் குறைவாக விட்டுக்கொடுத்த அணி ஒன்றே ஒன்று: 299 மட்டும் கொடுத்த செயின்ட் ஜார்ஜ் இல்லவாரா, அந்த ஆண்டின் சாம்பியன். அடித்த கணக்கில் ஸ்டார்ம் பட்டியலின் கீழ்ப்பாதி. பில்லி ஸ்லேட்டர், கிரெக் இங்லிஸ், கூப்பர் கிராங்க் என்று பந்தைக் கையில் எடுத்தால் அரங்கம் எழுந்து நிற்கும் ஆட்களை வைத்துக்கொண்டு கீழ்ப்பாதி! ஸ்டார்ம் என்றால் மின்னல் ஓட்டம் என்பது தொலைக்காட்சித் துணுக்குகள் உண்டாக்கிய எண்ணம். அது அடிப்படையில் ஒரு தடுப்பாட்ட அணி.

ரக்பி லீக்கில் தடுப்பாட்டம் என்பது என்ன? பந்தோடு ஓடிவருபவரை மறித்து வீழ்த்துகிறார்கள், அதுதான் டேக்கிள். ஒரு பக்கத்துக்கு ஆறு டேக்கிள். அதற்குள் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றி ட்ரை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பந்து கைமாறும். விழுந்தவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்டிவிட்டால் ஆட்டம் தொடரும். எழுவதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் அந்த இரண்டு, மூன்று விநாடியில்தான் எல்லாமே இருக்கிறது. அவர் சட்டென்று எழுந்துவிட்டால், 10 மீட்டர் பின்வாங்க வேண்டிய தடுப்பு வரிசை ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த தாக்குதல் வந்து விழும். அரை விநாடி தாமதமானால் வரிசை நிமிர்ந்து நின்றுவிடும். பயிற்சியாளர் கிரெய்க் பெல்லமி இந்த அரை விநாடிக்காகவே ஜூஜுட்சு தெரிந்தவரைக் கூப்பிட்டு வந்தார். முதல் ஆள் இடுப்புக்கு மேலே பந்தோடு சேர்த்து அணைப்பார், இரண்டாவது ஆள் தோளைத் திருப்புவார், மூன்றாவது ஆள் கால்களைச் சேர்த்துப் பிடிப்பார். மல்லாந்து விழுபவர் திரும்பிக் குப்புறப் புரண்டுதான் எழ வேண்டும். மற்ற அணிகள் திட்டின, பிறகு எல்லாரும் காப்பியடித்தார்கள். பார்க்க அழகான சமாச்சாரம் என்று சொல்ல மாட்டேன்.

இந்த வேலையை ஒரு முன்வரிசை வீரர் ஓர் ஆட்டத்தில் 30, 40 முறை செய்கிறார். மூன்றாவது ஆளாகப் போய்க் காலைப் பிடிப்பவரின் பெயரை வர்ணனையாளர்கூடச் சொல்வதில்லை. அணிக்கு ஆட ஒரு காரணமும் இல்லாமல் போனால் முதலில் காணாமல் போக வேண்டியது இந்த மூன்றாவது ஆள்தான். ஓட்டம், பாஸ் எல்லாம் சுகம், அதை யாரும் விடமாட்டார்கள். காலைப் பிடிக்கப் போவது கூலி வேலை. 363 என்ற எண், மூன்றாவது ஆள் செப்டம்பர் வரை வந்துகொண்டிருந்தார் என்று சொல்கிறது. பெல்லமி, புதிதாகச் சேரும் வீரர்களைப் பருவத்துக்கு முன்னால் சில நாள் நிஜமாகவே கூலி வேலைக்கு அனுப்பிவைப்பவர். பயிற்சியாளர் கூண்டில் அவர் கத்துவதும் மேசையைத் தட்டுவதும்தான் கேமராவுக்குப் பிடிக்கும். உண்மையான பெல்லமி இந்த ஏற்பாட்டில் இருக்கிறார்.

அதோடு, நடுவில் மாநிலங்கள் மோதும் ஆரிஜின் தொடர் வேறு. குவீன்ஸ்லாந்து அந்த ஆண்டு நியூ சவுத் வேல்ஸை 3-0 என்று கழுவித் துடைத்தது. அதில் ஸ்டார்மின் கேமரன் ஸ்மித், ஸ்லேட்டர், இங்லிஸ் மூவரும் தூண்கள், கிராங்குக்கும் அதுதான் முதல் ஆரிஜின். மாநிலத்துக்காக உடம்பை உடைத்துக்கொண்டு வந்து, பூஜ்யம் புள்ளிக்கு ஆடினார்கள்.

எதிரணிகளின் எரிச்சலும் நியாயமே. ஸ்டார்மிடம் தோற்றால் 2 புள்ளி காற்றில் கரைந்துவிடும், யாருக்கும் சேராது. தீர்ப்புக்குப் பிறகு ஸ்டார்ம் வென்ற 10 ஆட்டங்களில் 20 புள்ளிகள் இப்படி ஆவியாயின. அதிலும் எல்லாருக்கும் ஒரே அடி இல்லை. 24 ஆட்டத்தை 15 எதிரணிகளுக்குப் பங்கிட்டால், சில அணிகள் ஸ்டார்மை இரண்டு முறை சந்திக்க வேண்டும், சிலவற்றுக்கு ஒரு முறை போதும். பிளே-ஆஃப் விளிம்பில் தொங்கும் அணிக்கு, இழக்க ஒன்றுமில்லாத ஓர் அணியை இரண்டு தடவை எதிர்கொள்வது துரதிர்ஷ்டம் என்பதைத் தவிர வேறென்ன? புள்ளிகளை மட்டும் நிறுத்திவைத்தால் போட்டி சுத்தமாகிவிடும் என்று லீக் நினைத்தது. கறை வேறு இடத்துக்கு நகர்ந்ததுதான் மிச்சம்.

இன்னொரு நெருடலையும் சொல்லாமல் விட முடியாது. அன்றைக்கு ஸ்டார்மின் சொந்தக்காரர் நியூஸ் லிமிடெட் நிறுவனம். லீக்கில் பாதிப் பங்கும் அதே நியூஸ் லிமிடெட்டுக்கு இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரும் நீதிபதியின் முதலாளியும் ஒருவரே. தண்டனையை எதிர்த்து நீதிமன்றம் போக முயன்ற சுயேச்சை இயக்குநர்களை உரிமையாளரே வீட்டுக்கு அனுப்பியது. தண்டனை கடுமை என்று யாரும் சொல்லலாம், விசாரணை விலகி நின்று நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

பருவம் முடிந்ததும் வரம்புக்குள் வர ஆட்களைக் கழித்தார்கள். இங்லிஸ் சவுத் சிட்னிக்கு. ரயன் ஹாஃப்மன், பிரெட் ஃபின்ச், ஜெஃப் லிமா மூவரும் இங்கிலாந்தின் விகனுக்கு. பிரெட் வைட் கேன்பராவுக்கு, எய்டன் டோல்மன் புல்டாக்ஸுக்கு. பணத்தால் கட்டிய அணி என்றால் 2011-இல் தெரிந்துவிடும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். தெரிந்தது. 19 வெற்றி, 5 தோல்வி, லீக் சுற்றில் முதலிடம். கொடுத்தது 308 மட்டும். வரம்பை மீறிப் பணத்தைக் கொட்டிய 2009, 2010 இரண்டையும்விட, வரம்புக்குள் சுருங்கிய 2011 மேல்! அரையிறுதியில் வாரியர்ஸிடம் 20-12 என்று வீழ்ந்தார்கள். 2012-இல் புல்டாக்ஸை 14-4 என்று சாய்த்துக் கோப்பை வென்றார்கள், இம்முறை யாரும் பறிக்க முடியாதபடி.

போனவர்களின் இடத்தை நிரப்பியவர்கள் யார் என்று பார்த்தால் மறுபடியும் 2010-க்கே வர வேண்டும். கேரத் விட்டப், ஜெஸ்ஸி பிராம்விச், ஜஸ்டின் ஓ'நீல் மூவரும் அறிமுகமானது அந்தப் பூஜ்யம் புள்ளிப் பருவத்தில். தோற்றால் பட்டியலில் இறங்குவோம் என்ற பயமில்லை. இருபது வயதுப் பையனை இறக்கிவிட்டுத் தடுமாறவும் விடலாம். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் பிறந்த விட்டப், 2012 இறுதிப் போட்டியில் கிராங்கின் ஜோடி. பிராம்விச் பின்னாளில் நியூசிலாந்து கேப்டன். தண்டனையின் பெயரில் லீக் அந்த அணிக்கு ஓர் இளையோர் பள்ளி நடத்திக் கொடுத்துவிட்டது. பெல்லமி அதை வீணடிக்கவில்லை.

அப்படியானால் ஸ்டார்ம் பணமில்லாமலே ஜெயித்திருக்கும், இரட்டைக் கணக்கு வீண் வேலை என்று முடித்துவிடலாமா? ஸ்டார்ம் ரசிகர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இங்லிஸைக் கழித்தார்கள், ஆனால் ஸ்மித், கிராங்க், ஸ்லேட்டர் மூவரையும் விடவில்லை. வரம்புக்குக் கட்டுப்பட்டிருந்தால் அந்த மூவரும் 2010 வரை ஒரே அணியில் சேர்ந்து நின்றிருப்பார்களா? ஒருவரையாவது, 2007-லேயோ 2008-லேயோ, வேறு அணி கொத்திக்கொண்டு போயிருக்கும். அத்தனை பருவம் ஒன்றாக ஆடியதால், ஒருவர் தோள் திரும்பும் கோணத்தை வைத்தே மற்றவர் ஓடத் தொடங்கும் பழக்கம் வந்திருந்தது. கோப்பையைப் பறிக்கலாம், பணத்தைத் திரும்ப வாங்கலாம், அந்தப் பழக்கத்தை எந்தத் தீர்ப்பும் பறிமுதல் செய்ய முடியாது. 2012 கோப்பை சட்டப்படி சுத்தம். அதன் அஸ்திவாரத்தில் கடிதங்களின் காசு கொஞ்சம் கலந்திருக்கிறது. பெல்லமி பொறுப்பேற்ற 2003 முதல் ஸ்டார்ம் பிளே-ஆஃப் ஆடாத ஒரே ஆண்டு 2010 என்று மெச்சுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2007, 2009 கோப்பைகள் யாருக்கும் போகவில்லை. பதிவேட்டில் வெற்றிடமாகவே இருக்கின்றன. 2007 இறுதியில் 34-8 என்று அடிவாங்கிய மேன்லி, அடுத்த ஆண்டே ஸ்டார்மை 40-0 என்று சுருட்டிக் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. 2009-இல் 23-16 என்று தோற்ற பாரமட்டாவுக்கு அந்த ஆறுதலும் இல்லை. அவர்கள் கடைசியாகக் கோப்பை வென்றது 1986-இல். கைக்கெட்டிய ஒன்றை, வரம்பு மீறிய அணியிடம் பறிகொடுத்தார்கள் என்ற அனுதாபம் வெகுநாள் இருந்தது. 2016-இல் அதே பாரமட்டா சம்பள வரம்பை மீறிப் பிடிபட்டு 12 புள்ளிகளை இழக்கும் வரை.