கொல்லையில் ஒரு மீட்டர்கேஜ்

சித்தூர் வீட்டுக் கொல்லையில், மாமரத்தடியில் கோரைப்புல் பிடுங்கிக்கொண்டிருந்தேன். கறுத்துப்போன ஒரு கம்பி கையில் தட்டியது. இழுத்தேன், வரவில்லை. மண்ணை விலக்கிப் பார்த்தால் தண்டவாளம்! அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை, தெளியவும் வேண்டாம்.

மாமா போனபின் ஆறு வருஷமாக அந்தப் பக்கம் யாரும் எட்டிப்பார்க்கவில்லை. "பழைய பித்தளைதானேடா, எடைக்குப் போட்டுடலாமா?" என்றார் அத்தை. அளந்து பார்த்தேன். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 45 மில்லிமீட்டர். ஜெர்மனியின் லேமன் நிறுவனம் 1968-இல் எல்ஜிபி என்ற பெயரில் கொண்டுவந்த தோட்ட ரயிலின் அளவு அது. எல்லாமே அசலில் 22.5-இல் ஒரு பங்கு. பெருக்கினால் 1012.5 மில்லிமீட்டர். அட, மீட்டர்கேஜ்! காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்குப் போன, மாமா வேலை பார்த்த பாதை! அது அகலப்பாதையாகி வருஷக்கணக்காயிற்று. தென்னிந்தியாவில் மீட்டர்கேஜ் வண்டியில் உட்கார வேண்டுமென்றால் இப்போது மேட்டுப்பாளையம் போய் ஊட்டி ரயிலைப் பிடிக்க வேண்டும். மாமாவோ ஓய்வுபெற்ற கையோடு அதைக் கொல்லைக்கே கொண்டுவந்துவிட்டிருக்கிறார். இதை எடைக்குப் போடுவதாவது!

முதல் நான்கு ஞாயிறும் களையெடுப்புதான். எறும்புப் புற்று ஒரு வளைவையே தூக்கிவிட்டிருந்தது. பிறகு பித்தளை. மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது. கறுப்பேறினால் வண்டி நகராது. உப்புத்தாளால் தேய்த்தால் கீறல் விழும், கீறலில் அழுக்கு அடையும். அத்தை பூஜைக் குத்துவிளக்குக்குக் கரைத்த புளியில் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். தேய்த்து, நன்றாகக் கழுவி, துணியால் ஒற்றி எடுத்தால் தங்கம் தோற்றது, போங்கள்!

அடுத்து படுகை. சித்தூர்க்காரனுக்குக் கருங்கல்லுக்கா பஞ்சம்? குவாரியில் இரண்டு மூட்டை பொடிஜல்லி வாங்கினேன். முனையுள்ள கல்தான் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு ஸ்லீப்பரைப் பிடித்து நிறுத்தும். ஆற்றுக் கூழாங்கல் உருண்டுவிடும். பெரிய ரயில்வேயிலும் இதே சூத்திரம்தான். கொத்தனாரின் ரசமட்டத்தை இரவல் வாங்கி, நூறு செண்டிமீட்டருக்கு இரண்டுக்கு மேல் ஏற்றம் வராமல் பார்த்துப் பார்த்து ஜல்லியைத் தட்டினேன். கேங்மேன்கள் இதைக் கிலோமீட்டர் கணக்கில் செய்கிறார்கள் என்று நினைத்தபோது கை தானாகக் குவிந்தது.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் வெயில் சொல்லிக்கொடுத்தது. முப்பது டிகிரி சூடு கூடினால் இருபது மீட்டர் பித்தளை ஒரு செண்டிமீட்டருக்கு மேல் நீளும். முதலில் இடைவெளி விடாமல் இறுக்கியிருந்தேன். சித்திரை மத்தியானத்தில் பாதை பாம்பாய் நெளிந்து கிடந்தது. பிரித்து, இணைப்புக்கு இணைப்பு கொஞ்சம் இடம் விட்டேன். மின்சாரம் அறுந்துபோகாமல் தொய்வான செம்புக் கம்பியைப் பற்றவைத்தேன்.

எஞ்சினுக்குச் சிகிச்சை எளிது: இறுகிய மசகைத் துடைத்து, பல்சக்கரத்துக்குப் புது மசகு, அச்சுக்குத் தையல் எந்திர எண்ணெய் ஒரு சொட்டு. திருகியைத் திருப்பினேன். முக்கியது, முனகியது, கிளம்பியது! டேபிள் ரோஸ் காட்டுக்குள் நுழைந்து, குட்டை இட்லிப்பூ மலையைச் சுற்றி, எட்டு செண்டிமீட்டர் ஸ்டேஷன் மாஸ்டரைத் தாண்டித் துளசி மாடத்துத் திருப்பதியில் வந்து நின்றது. மதில்மேல் தொங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் "பாகுந்தி! பாகுந்தி!" என்று கத்தினார்கள். நான் அவர்களைவிடச் சத்தமாகக் கத்தினேன்.

முடிந்ததா என்று கேட்காதீர்கள். தோட்ட ரயில் முடிகிற சமாச்சாரமே இல்லை. ஐப்பசி மழை ஜல்லியை அரிக்கும். மாம்பிஞ்சு பாதையில் விழும். ஓணான் ஒன்று தினமும் பாலத்தில் குளிர்காயும். சாயங்காலம் பத்து நிமிஷம் பெருக்கி, துணியால் துடைத்து, ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே நான் ஆபீஸிலிருந்து ஓடிவருகிறேன்!

போன வாரம் ஒருநாள் தாமதமாகிவிட்டது. வந்து பார்த்தால் பாதை சுத்தமாக இருந்தது. துடைப்பத்தோடு திருப்பதி ஸ்டேஷனில் நின்ற அத்தை, கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வண்டி இருபது நிமிஷம் லேட்டு."