நவாஸை எடைபோட மூன்று கோப்பைகள் போதாது

கெய்லர் நவாஸ் பற்றிப் பேச்செடுத்தால், ரியல் மாட்ரிட்டுக்காக 2016, 2017, 2018 எனத் தொடர்ந்து மூன்று சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளை வென்றவர் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். கோஸ்டாரிகா போன்ற சிறிய நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கோல்கீப்பருக்கு இது மிகப் பெரிய பெருமைதான். ஆனாலும் அந்தக் கோப்பைகளையே அவருடைய திறமைக்குச் சான்றாகக் காட்டியது அவருக்குப் பாதகமாக முடிந்தது என்று நினைக்கிறேன். கோப்பை என்றதும் ரொனால்டோவின் கோல்களும் ராமோஸின் தலைமையும்தான் நினைவுக்கு வருகின்றன. அப்படிப்பட்ட அணியில் யார் கோல்கீப்பராக நின்றிருந்தாலும் ஜெயித்திருப்பார்கள் என்ற பேச்சு அங்கிருந்தே கிளம்புகிறது. நவாஸை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கும் அந்தப் பேச்சே இடம் கொடுத்தது.

அவருடைய உண்மையான தரத்தைப் பார்க்க லெவான்டேவுக்குப் போக வேண்டும். 2010இல் அவர் ஸ்பெயினில் முதலில் சேர்ந்த அல்பாசெட்டே இரண்டாம் பிரிவு அணி. அந்தப் பருவத்திலேயே அது மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. அடுத்து லெவான்டேவில் இரண்டு ஆண்டுகள் குஸ்தாவோ முனுவாவுக்கு மாற்றாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். 2013-14இல்தான் முதல் கோல்கீப்பர் இடம் கிடைத்தது. ஆட்டத்துக்குச் சராசரியாக ஒரு கோல்கூட அடிக்காத அந்த அணி, அந்தப் பருவத்தை 10ஆம் இடத்தில் முடித்தது. லீக்கின் சிறந்த கோல்கீப்பர் விருது நவாஸுக்குப் போனது. பலவீனமான அணியின் கோல்கீப்பரை நோக்கி வாரந்தோறும் பந்துகள் சரமாரியாக வரும். அவர் எங்கே நிற்கிறார், எப்போது வெளியே வருகிறார், கிட்டத்தில் அடிக்கும் பந்துக்கு எவ்வளவு வேகமாகக் கை நீட்டுகிறார் என்பதெல்லாம் மறைக்க முடியாமல் தெரிந்துவிடும். அதே கோடையில் பிரேசில் உலகக் கோப்பையிலும் இதுவே நடந்தது. உருகுவே, இத்தாலி, இங்கிலாந்து இருந்த பிரிவில் கோஸ்டாரிகா முதலிடம் பிடித்தது. ஐந்து ஆட்டங்களில் வாங்கியது இரண்டே கோல்கள், அதிலும் ஒன்று பெனால்டி. கிரீஸுக்கு எதிரான பெனால்டி ஷூட்-அவுட்டில் கெகாஸ் அடித்த பந்தைத் தடுத்தவரும் அவர்தான். பயிற்சியாளர் பின்டோ ஐந்து டிஃபென்டர்களைப் பின்னால் நிறுத்தியது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் காலிறுதியில் நெதர்லாந்தை 120 நிமிடங்கள் கோலில்லாமல் நிறுத்திவைக்க டிஃபென்டர்கள் மட்டும் போதவில்லை.

1 கோடி யூரோ கொடுத்து வாங்கிய மாட்ரிட், முதல் ஆண்டில் அவரை முதல் கோல்கீப்பர் கசியஸுக்குப் பின்னால் வைத்தது. கசியஸ் போனதும் மான்செஸ்டர் யுனைடெட்டின் கோல்கீப்பர் டி கியாவைத் தேடியது. 2015 ஆகஸ்ட் 31 இரவு ஆவணங்கள் உரிய நேரத்துக்குப் போய்ச் சேராததால் அந்த ஒப்பந்தம் முறிந்தது. அதற்கு ஈடாக யுனைடெட்டுக்குப் போக வேண்டியிருந்த நவாஸ் மாட்ரிட்டிலேயே தங்கினார். அந்தப் பருவத்தின் சாம்பியன்ஸ் லீக்கில் 700 நிமிடங்களுக்கு மேல் அவர் கோலே வாங்கவில்லை. அவர் தவறே செய்யாதவர் என்று சொல்ல வரவில்லை. 2018 காலிறுதியில் யுவென்டஸுக்கு எதிராகக் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டு மட்டூயிடிக்குக் கோல் கொடுத்தார். அரையிறுதியில், மியூனிக்கில் பயர்னின் கிம்மிக் அடித்த பந்து அவருக்குப் பக்கத்துக் கம்பத்தை ஒட்டியே உள்ளே போனது. அதன் பிறகு மே 1 அன்று, மாட்ரிட் மைதானத்தில், பயர்ன் அலையலையாகத் தாக்கியபோது ஒன்றன்பின் ஒன்றாகப் பந்துகளைத் தட்டிவிட்டார். ஆட்டம் 2-2, இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து மாட்ரிட்டுக்கு 4-3. அந்த ஒரு கோல் வித்தியாசம் ரொனால்டோ கொடுத்ததல்ல. இரண்டு ஆட்டங்களிலும் அவர் கோலே அடிக்கவில்லை. மூன்றாவது கோப்பையில் நவாஸின் பங்கைத் தேடுபவர்கள் இறுதி ஆட்டத்தை விட்டுவிட்டு இந்த 90 நிமிடங்களைப் பார்க்கட்டும்.

அப்படியானால் அதே கோடையில் கோல்கீப்பர் கோர்த்துவாவை ஏன் வாங்கினார்கள், அவர் 2022 இறுதி ஆட்டத்தில் லிவர்பூலின் ஒன்பது பந்துகளைத் தடுத்தாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நவாஸுக்கு வயது 31, உயரம் 1.85 மீட்டர்; கோர்த்துவாவுக்கு 26, உயரம் ஏறக்குறைய 2 மீட்டர். பத்தாண்டுக் கணக்குப் போடும் கிளப் இளையவரை எடுத்ததில் பிழையில்லை. அதை நவாஸின் ஆட்டத்துக்குக் கிடைத்த தீர்ப்பாகப் படிப்பதுதான் பிழை. கோர்த்துவாவின் முதல் பருவத்திலேயே அயாக்ஸ் மாட்ரிட் மைதானத்தில் 4-1 என்று வென்றது. சில நாட்களில் திரும்பி வந்த பயிற்சியாளர் ஜிதான் முதல் ஆட்டத்திலேயே நவாஸைக் கோலில் நிறுத்தினார். பிறகு பாரிஸ் அணிக்குப் போன நவாஸ், 2021 மார்ச்சில் பார்சிலோனாவுக்கு எதிராக மெஸ்ஸியின் பெனால்டியைத் தடுத்தார். அந்த ஆண்டுக் கோடையில் அங்கே யூரோ கோப்பை நாயகனான கோல்கீப்பர் டோனரும்மா வந்து சேர்ந்தார், அதுவும் மாற்றுக் கட்டணமே இல்லாமல். அந்த விலைக்கு அப்படிப்பட்டவர் கிடைத்தால் எந்தக் கிளப்பும் வேண்டாம் என்று சொல்லாது. நவாஸ் அன்று எப்படி ஆடிக்கொண்டிருந்தார் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

2022 உலகக் கோப்பையில் ஸ்பெயின் கோஸ்டாரிகாவுக்கு ஏழு கோல் அடித்ததும், நவாஸ் முடிந்துவிட்டார் என்று எழுதுவது எளிதாக இருந்தது. கோப்பைகளைக் காட்டி அவரைப் புகழ்ந்தது போலவே இதுவும் அணியின் கணக்கை ஒருவர் தலையில் எழுதுவதுதான். நான்கு நாள் கழித்து, ஜெர்மனியை வென்ற தெம்போடு வந்த ஜப்பானை அதே கோஸ்டாரிகா 1-0 என்று தோற்கடித்தது. அன்றும் கோலில் நின்றவர் நவாஸ்தான்.