தம்பதிகளும் தீவுக் கப்பலும்

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கப்பல் என்பது பிழைப்பைத் தருகின்ற பொருளேயன்றிப் பிரயாணத்துக்கு உதவுகின்ற பொருள் அன்று. எண்ணூர் விரைவுச் சாலையில் சென்னைத் துறைமுக வாயிலை எதிர்பார்த்து இரவு பகலாக வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளையும், வெளிக்கடலில் நங்கூரமிட்டுக் கிடக்கும் சரக்குக் கப்பல்களின் விளக்குகளையும் பார்த்துப் பழகிய இம்மக்களுக்கு, அதே துறைமுகத்திலிருந்து மாதத்தில் சில முறை அந்தமானுக்குப் பிரயாணிகள் கப்பலும் புறப்படுகிறது என்பது தெரியாத செய்தி அன்று. எனினும், புதிதாக மணமுடித்த பிள்ளையையும் பெண்ணையும் அக்கப்பலில் அனுப்பிவைக்கலாம் என்ற யோசனை நம் வீடுகளில் எளிதில் எழுவதில்லை. ஒரு தலைமுறைக்கு முன்னர் நிலைமை வேறாக இருந்தது. ரஜூலா என்றும் சிதம்பரம் என்றும் கப்பலின் பெயர் சொன்னால், சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் போய்வந்த உறவினர் ஒருவரை நினைவுகூராத குடும்பம் இப்பக்கத்தில் அரிது. 1985 பிப்ரவரியில் சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்த சிதம்பரம் கப்பலில் தீப்பற்றிப் பலர் மாண்டபின் அந்தச் சேவை நின்றுபோயிற்று. கடற்பிரயாணம் என்ற எண்ணமும் அதனோடு நம் மனத்தை விட்டு அகன்றது.

இன்று அந்தமானுக்குப் போகும் தம்பதிகளுள் பெரும்பாலோர் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பொழுதில் போர்ட் பிளேரில் இறங்கி, விரைவுப் படகில் ஹேவ்லாக்கையும் நீலையும் தொட்டுவிட்டு, ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ வீடு திரும்புகின்றனர். (இவ்விரு தீவுகளுக்கும் 2018-இலும், போர்ட் பிளேருக்கு 2024-இலும் அரசாங்கம் புதுப் பெயர் சூட்டியிருப்பினும், மக்கள் வாயில் பழைய பெயர்களே வழங்குகின்றன.) இவ்வாறு பறந்து சென்று படகில் தாவுவதைக் காட்டிலும், துறைமுகத்திலேயே கப்பலேறிக் கடல்வழியாகவே தீவுகளை அடைவது மேலானது என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதன் குறைகளை மறைத்துப் புகழ்வது நேர்மையாகாது. ஏனெனில் அக்குறைகளைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் கையில் காசு குறைந்தவர்களே.

முதலில் அதன் சிறப்பைச் சொல்லுகிறேன். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையிலுள்ள 1,300-க்கும் மேற்பட்ட கிலோமீட்டரைக் கடக்க, நான்கௌரி போன்ற கப்பல்களுக்கு இரண்டரை நாள் முதல் மூன்று நாள் வரை ஆகிறது. துறைமுகத்தை விட்டுச் சில மணி நேரத்துக்கெல்லாம் கைப்பேசியில் சிக்னல் அற்றுப்போகிறது. மாமியார் ஒரு பக்கமும் மைத்துனர் ஒரு பக்கமுமாகப் படுத்துறங்கும் ஒற்றை அறை வீட்டில், தாழ்ந்த குரலில் பத்து வார்த்தை பேசுவதற்கும் நேரம் பார்த்துக் காத்திருந்த இருவருக்கு, வேலையும் விருந்தினரும் கூப்பிடும் குரலும் இல்லாத மூன்று நாட்கள் வாய்ப்பதென்பது சாமானியமான பாக்கியம் அன்று. அவற்றில் முதல் நாள் பெரும்பாலும் வாந்தியிலும் தலைசுற்றலிலும் கழியும். அதையும் நான் நன்மையின் பக்கமே சேர்ப்பேன். எலுமிச்சம்பழத்தை நறுக்கி முகரக் கொடுப்பதும், மூலையில் வாளியைத் தேடிக் கொண்டுவருவதும், ஒருவர் தலையை ஒருவர் தாங்கிக்கொள்வதுமாகக் கழிகின்ற அந்த ஒரு நாளில் அவர்கள் பரஸ்பரம் அறிந்துகொள்வது, கடற்கரையில் நின்று எடுத்துக்கொள்ளும் நூறு புகைப்படங்களிலும் அகப்படுவதில்லை. மயக்கம் தெளிந்து மேல்தளத்துக்கு வந்தால், எண்ணூரில் சாம்பலும் எண்ணெயும் படிந்த கரையை மட்டுமே கடலென்று அறிந்த கண்ணுக்கு, கருநீலமாய் ஆழ்ந்து கிடக்கும் வங்காள விரிகுடா வேறொரு சமுத்திரமாகத் தோன்றுகிறது. மீன்கடைக் கூடையில் செத்துக் கிடக்கக் கண்டிருந்த பறவைக்கோலா, கப்பலின் முகப்பிலிருந்து கூட்டமாக எழுந்து, அலைக்கு ஒரு முழம் மேலே சிறகை விரித்து வெகுதூரம் சென்று விழுவதை, அங்கே உயிரோடு பார்க்கலாம்.

இனிக் குறை. மேற்சொன்ன ஏகாந்தம் கப்பலில் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. டீலக்ஸ் அறையும் முதல் வகுப்பும் எடுப்பவர்களுக்குக் கதவு உண்டு; ஆனால் அவற்றின் கட்டணம் சில சமயங்களில் விமானக் கட்டணத்தையும் மிஞ்சிவிடுகிறது. பங்க் வகுப்பிலோ, இரண்டடுக்குக் கட்டில்கள் வரிசை வரிசையாக நிற்கும் பெருங்கூடத்தில், டீசல் வாடைக்கும் குழந்தைகளின் அழுகைக்கும் நடுவே, கணவன் ஓர் அடுக்கிலும் மனைவி வேறோர் அடுக்கிலுமாகப் படுத்துக் கிடக்க வேண்டியதுதான். வீட்டில் தனிமையில்லாதவர்களே பங்க் சீட்டையும் வாங்குகிறார்கள். ஆகையால், எவருக்கு இந்தப் பிரயாணம் மிகவும் தேவையோ அவருக்கே அதன் தலையாய பயன் மறுக்கப்படுகிறது. காலமும் அவ்வாறே. போகவர ஆறு நாள், தீவுகளில் ஐந்தாறு நாள், புறப்படும் தேதி மாறினால் மேலும் இரண்டொரு நாள் என்று கணக்கிட்டால், மணலியில் ஒப்பந்தக் கூலிக்கு வேலை செய்பவருக்கு அத்தனை நாள் விடுப்பை எவர் தருவார்? கப்பல் புறப்படும் நாட்களை ஒரு பருவத்துக்கு முன்பே நிர்ணயித்து அறிவித்து, அத்தேதிகளை மாற்றாமல் நடத்தினால் இக்குறையில் பாதி தீரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தீவுகளை அடைந்தபின் எழுகின்ற பிரச்சினை வேறு விதமானது. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் அரசாங்கப் படகு, ஹேவ்லாக் சேர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அதில் தளத்தில் நின்று காற்று வாங்கலாம். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளோடு பேசலாம். நீல் தீவிலிருந்து திரும்புகையில் காய்கறி மூட்டைகளோடு வரலாம். தனியார் விரைவுப் படகுகள் பெரும்பாலானவற்றிலோ, குளிரூட்டிய கூடத்தில் ஜன்னல் திறவாமல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பதோடு காரியம் முடிந்துவிடுகிறது. ரசனையை மட்டும் கருதினால் அரசாங்கப் படகே உத்தமம். ஆனால் அப்படகு உல்லாசத்துக்காக விடப்பட்டது அன்று. ஜி.பி.பந்த் மருத்துவமனைக்குப் போகவேண்டிய நோயாளியும், பரீட்சை எழுதப் போகும் மாணவனும் அதையே நம்பியிருக்கின்றனர். டிசம்பர், ஜனவரி மாதங்களில் அதில் இடம்பிடிக்கும் தம்பதிகள் அவர்களுடைய இடத்தையே பிடிக்கிறார்கள். விரைவுப் படகுகள் அந்நெருக்கடியைக் குறைத்திருக்கின்றன என்ற உண்மையை, அவற்றை இகழ்ந்து எழுதுகிறவர்கள் கவனிப்பதில்லை. கூட்டம் மிகுந்த மாதங்களில் பணம் உள்ளவர்கள் தனியார் படகில் போவதே தர்மம். படகின் ருசி வேண்டுவோர் பிப்ரவரிக்குப் பின் போகட்டும்.

நான்கு இரவுகளில் மூன்று தீவுகள் என்று விற்கப்படும் ஏற்பாட்டை மட்டும் நான் எவ்வகையிலும் ஆதரிக்க மாட்டேன். கடல் ஒரு நாள் கோபித்தால் அத்திட்டம் முழுவதும் குலைந்துபோகும். 2016 டிசம்பர் முதல் வாரத்தில் புயற்சின்னம் சூழ்ந்தபோது, ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் படகின்றித் தவித்ததும், கடற்படை கப்பல் அனுப்பி அவர்களை மீட்டதும், அதே புயல் வர்தா என்ற பெயருடன் 12-ஆம் தேதி நம் சென்னை மரங்களையெல்லாம் சாய்த்ததும் நாம் மறக்கத்தக்கவை அல்ல. அவசரத்தின் வேறொரு விளைவு அதனினும் கொடியது. 2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேருக்கு அருகில், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிச் சென்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 21 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் காஞ்சிபுரத்திலிருந்து சென்றவர்கள். அடுத்த இடத்துக்கு நேரமாகிறது என்ற பதைப்பு உள்ள பிரயாணி, படகில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. எல்லாருக்கும் காப்புச் சட்டை உண்டா என்று கேட்பதுமில்லை.

ஆகவே என்னிடம் யோசனை கேட்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: போகும்போது கப்பலில் போங்கள், பங்க் சீட்டுக்கு வைத்திருக்கும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேரும்வரை ஆறு மாதம் பொறுத்தாவது, கதவுள்ள அறையாக எடுங்கள், மூன்று தீவுகளை நாடாமல், நீலில் மட்டும் நான்கு நாள் தங்குங்கள். பாரத்பூர் கடற்கரைக்கும் லட்சுமண்பூருக்கும் சைக்கிளிலேயே போய்வந்துவிடலாம். படகு ரத்தானாலும் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. திரும்பும்போது விமானத்தில் வாருங்கள்; விடுப்பு முடியும் நாளில் கப்பல் தாமதித்தால், ஒப்பந்தத் தொழிலாளிக்குப் போவது அன்றைய கூலி மாத்திரம் அன்று, வேலையே போய்விடக்கூடும்.