பங்கு என்றொரு சொல்: எடப்புளி நாட்டிலிருந்து ஒரு வாசிப்பு

‘பொருளாதார வளர்ச்சியில் வேளாண்மையின் பங்கு யாது?’ மேல்நிலைப்பள்ளி தொட்டுத் தேர்வாணையத் தேர்வு வரை நம்மை விடாமல் துரத்தும் வினா. விடையும் மனப்பாடம்தான். வேளாண்மை உணவு தருகிறது, ஆலைக்கு ஆள் தருகிறது, முதலீட்டுக்குச் சேமிப்பு தருகிறது, அந்நியச் செலாவணி ஈட்டுகிறது, ஆலைச் சரக்குக்குச் சந்தையாகிறது. இந்த ஐந்தையும் இப்படி அடுக்கியவர்கள் ஜான்ஸ்டன், மெல்லர் என்ற இரண்டு பொருளியலாளர்கள். 1961இல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் வந்த கட்டுரை அது. அதற்கும் ஏழாண்டு முன்னரே, 1954இல், ஆர்தர் லூயிஸ் கிராமத்தை வற்றாத உழைப்பாளர் கிடங்காகக் கணக்கிட்டுவிட்டார். மிச்ச வேலையை நம்மூர் ‘கைடு’ ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

ஆங்கிலத்தில் கேட்டால் இந்த வினா தப்பித்துவிடும். தமிழில் மாட்டிக்கொள்கிறது. கூத்தில் ஒருவர் ஏற்கும் பங்கும் உண்டு, பாகப்பிரிவினையில் கைக்கு வரும் பங்கும் உண்டு. பாடப்புத்தகம் முதலாவதைப் பேசிப் பேசியே இரண்டாவதை மறக்கடிக்கிறது. வேளாண்மை என்ன தந்தது என்று ஐந்து விரலை மடக்குகிறோம். அதற்கு என்ன கிடைத்தது என்று கேட்க விரல் மிச்சமில்லை. ‘வேளாண்மை’ என்ற சொல்லும் இதற்கு உடந்தை. குறளில் அது விருந்தோம்பல் அதிகாரத்தில் உபகாரம் என்ற பொருளில் வருகிறது. உழுகிற தொழிலைப் பாடும் அதிகாரத்துக்கு உழவு என்றுதான் பெயர். கொடுப்பதையே பெயராகச் சூட்டிவிட்டபின் கூலி கேட்டால் அநாகரிகமாகத்தானே தெரியும்!

1950களின் தொடக்கத்தில் இந்திய நாட்டு வருமானத்தில் ஏறக்குறையப் பாதி வேளாண்மையிலிருந்து வந்தது. இன்று ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் உழைப்பவர்களில் நூற்றுக்குச் சுமார் 45 பேர் இன்னும் அதில்தான் கிடக்கிறார்கள். லூயிஸ் சொன்ன இடப்பெயர்வு பணத்துக்கு நடந்துவிட்டது, ஆட்களுக்கு நடக்கவில்லை.

இதை மேலிருந்து பேசிக்கொண்டிருப்பதைவிட எடப்புளி நாட்டில் வைத்துப் படித்துப் பார்க்கலாம். நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்று அது. (இங்கே நாடு என்றால் ஓர் ஊராட்சி.) எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், தமிழ் பேசுகிறவர்கள். சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்று விதைத்துத் தின்றவர்கள். சாமையில் மட்டுமே பெருஞ்சாமை, திரிகுலச்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று எத்தனையோ வகை. இன்று அந்தச் சரிவுகளில் பெரும்பாலும் கண்ணில் படுவது குச்சிக்கிழங்கு, மரவள்ளி. மர நிழலில் காப்பியும் மிளகும் தனிக்கதை.

கிழங்கு எங்கே போகிறது? மலையடிவாரம் தாண்டி ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கத்து சேகோ ஆலைகளுக்கு. இரண்டாம் உலகப்போரில் கடல்வழி இறக்குமதி நின்றுபோனபோது 1940களில் சேலத்தில் பிடித்த தொழில் இது. 1981இல் உற்பத்தியாளர்கள் தங்களுக்கென்று ‘சேகோசர்வ்’ என்ற கூட்டுறவுச் சங்கமே அமைத்துக்கொண்டார்கள். கவனியுங்கள், இங்கே உற்பத்தியாளர் என்றால் ஆலைக்காரர். கிழங்கு விளைவித்தவருக்கு அந்தச் சொல் இல்லை, அவர் வெறும் ‘விவசாயி’.

சாமைக்கும் கிழங்குக்கும் உள்ள வித்தியாசத்தைச் சத்துக்கணக்கில் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. வித்தியாசம் காலத்தில் இருக்கிறது. உமியோடு காயவைத்த சாமை ஆண்டுக்கணக்கில் கெடாது. விலை பிடிக்கவில்லையென்றால் விற்காமல் இருக்கலாம், அடுத்த மழைக்கு விதையும் அதிலேயே இருக்கிறது. குச்சிக்கிழங்கைப் பிடுங்கினால் இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுக்கத் தொடங்கிவிடும். ஒன்பது பத்து மாதம் காத்திருந்தவருக்குக் கடைசி மூன்று நாள் காத்திருக்க முடியாது. மொத்த பேரமும் அந்த மூன்று நாளுக்குள் நடக்கிறது. ஆலையில் மாதிரிக் கிழங்கை எடுத்து மாவுச்சத்தை அளக்கிறார்கள். அதற்கு ‘பாயிண்ட்’ என்று பெயர். ஒரு பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று விலை. அளவுகோல் வாங்குகிறவர் கையில், அழுகும் சரக்கு விற்கிறவர் கையில். பாயிண்ட் குறைத்துப் போட்டார்கள் என்று கிழங்குக்காரர்கள் ஓயாமல் சொல்லிவரும் புகாரின் அடிப்படை இதுதான். லோடைத் திருப்பிக் கொண்டுபோவதா? எழுபது வளைவு ஏறியா?

அப்படியானால் மறுபடி சாமைக்குப் போய்விடலாமே என்று நம் நண்பர்கள் சிலர் எழுதுகிறார்கள், சென்னையிலிருந்து. சாமைக்கு உமி உண்டு. கேழ்வரகை அப்படியே அரைத்துவிடலாம், சாமையை உரலில் போட்டுக் குத்தித்தான் ஆகவேண்டும், குத்தியது பெண்கள். அங்கே ஒரு மூதாட்டியிடம், அந்தக் காலத்துச் சோறு எப்படி இருக்கும் என்று கவித்துவமாகக் கேட்டுத் தொலைத்தேன். “குத்திக் குத்தித் தோள் எறங்கிப் போச்சு சாமி. ரேசன் அரிசி வந்தப்பறந்தான் பொழுதோட படுத்தோம்” என்றார். எம்.ஏ. வகுப்பில் குறிஞ்சிக்கலியின் வள்ளைப்பாட்டை, தலைவியும் தோழியும் உலக்கை மாற்றிப் பாடும் அழகை, மணிக்கணக்கில் சிலாகித்தவர்கள் நாங்கள். தோள் எறங்கிய சேதி எந்த உரையிலும் இல்லை.

ஆக, சாமை கொடுத்த ‘காத்திருக்கும் உரிமை’யும் சும்மா வந்ததில்லை. வீட்டு ஆண் விலைக்குக் காத்திருக்க முடிந்தது என்றால் வீட்டுப் பெண் விடியுமுன் எழுந்தாள் என்று பொருள். ஜான்ஸ்டன்-மெல்லரின் ஐந்தில் இந்த உழைப்பு இல்லை. லூயிஸின் உபரி உழைப்பிலும் இல்லை. சிறுதானியப் புகழ்ச்சியிலும் இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். கிழங்கும் ரேசன் அரிசியும் ஒரு சூழ்ச்சி என்ற கதையாடல் கேட்க நன்றாயிருக்கிறது. அந்த அரிசி (2011 முதல் தமிழகத்தில் விலையில்லாமல் கிடைப்பது) யாருடைய தோளை விடுவித்தது என்று அது சொல்வதில்லை.

இதைக் களத்தில் புரிந்துகொண்டவர்கள் உண்டு. 1988இல் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலையில் விதை வங்கியோடு உமி நீக்கும் எந்திரத்தையும் பெண்கள் குழுக்களிடம் கொண்டுபோனது. பசுமைப் புரட்சியோடு சேர்த்தே சொல்லப்படும் பெயர் நாட்டு விதையைக் காக்க மலையேறிய முரணை இன்னொரு நாள் பேசலாம். எந்திரம் சரியான இடத்தில் கைவைத்தது என்பதை மறுக்க முடியாது, ஆனால் பிந்திவந்தது. அதற்குள் நாக்கும் நிலமும் மாறிவிட்டிருந்தன. 2018இல் மைய அரசு சிறுதானியத்துக்குச் ‘சத்துத் தானியம்’ என்று புதுப்பெயர் சூட்டியது. 2023 உலகச் சிறுதானிய ஆண்டாயிற்று. அதே ஆண்டு மே மாதம் தமிழக ரேசன் கடைகளில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள், முதலில் நீலகிரியிலும் தர்மபுரியிலும். உமி நீக்கத் தேவையில்லாத தானியமாகப் பார்த்துத்தான் அரசும் எடுத்துக்கொண்டது. சாமை நகரத்துக் கண்ணாடி அலமாரிக்குப் போய்விட்டது.

கிழங்கும் ஒன்றும் நிலையானதில்லை. 2020இல் கேரளத்தில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி அடுத்து சேலம், நாமக்கல் வயல்களைப் பிடித்தது. அதைத் தின்னும் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து 2022இல் விடவேண்டியிருந்தது. ஒற்றைப் பயிரில் தொங்கும் மலைக்கு வைத்தியம் அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது.

சாமையா கிழங்கா என்று இயக்க நண்பர்கள் கட்சிகட்டிக்கொண்டிருப்பதில் எனக்கு ஈடுபாடில்லை. சீவிக் காயவைத்த கிழங்கு மாதக்கணக்கில் நிற்கும். மலையிலேயே சீவவும் உலர்த்தவும் வைத்துக்கொள்ளவும் இடம் வேண்டும், பாயிண்ட் பார்க்கும் இடத்தில் விற்கிறவர்களின் ஆள் ஒருவர் நிற்கவேண்டும், ஒவ்வொரு ஊரிலும் உமி நீக்கும் எந்திரம் ஓடவேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்கும் துண்டறிக்கை எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை. எழுதுவதாக இருந்தால், கிழங்கைச் சீவும் வேலை யார் தலையில் விழும் என்பதையும் அந்த மூதாட்டி போன்றவர்களிடம் முதலிலேயே கேட்டுவிட்டு எழுதுங்கள்.