கடைசி வரியில் இருக்கும் காரணம்

2020 ஜூன், ஜூலையில் நம்மில் பலர் தினமும் தவறாமல் வாசித்தது ஒரே ஒரு பிரதியைத்தான்: தமிழ்நாடு சுகாதாரத் துறையின் மாலை அறிக்கை. மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் சாயங்காலம் யாராவது "வந்துடுச்சா?" என்று கேட்டால், அது அறிக்கையைப் பற்றித்தான். மாநகராட்சியின் மண்டலப் பட்டியல் வந்தால் நாங்கள் தேனாம்பேட்டையைத் தேடுவோம், தி.நகர் நண்பன் கோடம்பாக்கத்தை. அடையாறு மட்டும் தன் பெயரிலேயே இருந்தது. அந்த அறிக்கைகளைச் சமீபத்தில் திரும்ப எடுத்து, ஒரு இலக்கியப் பிரதியை வாசிப்பது மாதிரி வாசித்தேன்.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். வெறும் மொத்த எண்ணிக்கையோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு மரணத்துக்கும் இரண்டு மூன்று வரிகள் இருந்தன: வயது, பாலினம், மாவட்டம், எந்த மருத்துவமனை, என்றைக்குச் சேர்த்தார்கள், என்ன தொந்தரவோடு வந்தார், எப்போது இறந்தார், எதனால். பெயர் கிடையாது. ஆனாலும் அது ஒரு ஆள் என்று தெரிந்தது.

குறை எங்கே? பிரித்துப் போட்ட விதத்தில். இணை நோய் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று மரணங்கள் இரண்டு வகையாக வந்தன. முதல் வகையைப் படித்ததும் நமக்குள் ஒரு சின்ன நிம்மதி. "அவருக்கு சுகர் இருந்துச்சாம்ப்பா." வீட்டுக்கு வீடு சர்க்கரை மாத்திரை இருக்கிற ஊரில் இது என்ன விளக்கம்? கிருமியின் மேல் விழ வேண்டிய பொறுப்பை அந்த ஒரு சொல் இறந்தவரின் மேல் நகர்த்தி வைத்தது. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் சொல் தேர்வு வாசகரை ஏமாற்றலாம்.

எண்ணிக்கையும் சரியாக இல்லை என்பது ஜூன் மாதமே தெரிந்தது. ஏனென்றால் சென்னையில் மரணத்தை இரண்டு கைகள் எழுதுகின்றன. ஒன்று, மருத்துவமனைகள் அனுப்புவதை வைத்து மாநில சுகாதாரத் துறை தொகுப்பது. இன்னொன்று, மாநகராட்சியின் இறப்புப் பதிவேடு. கிருஷ்ணாம்பேட்டையிலோ கண்ணம்மாபேட்டையிலோ பெசன்ட் நகரிலோ எரித்தாலும் புதைத்தாலும், 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாளுக்குள் மரணம் அதில் பதிவாக வேண்டும். மாநகராட்சி ஏட்டில் இருந்த 200க்கும் மேற்பட்ட கொரோனா மரணங்கள் மாநிலக் கணக்கில் இல்லை என்று செய்தி வந்தது. ஒத்துப்பார்க்க ஒரு குழு போட்டார்கள். ஜூலை 22 அன்று அப்போதைய சுகாதாரத் துறைச் செயலாளர் ஜெ. ராதாகிருஷ்ணன் அறிவித்தார்: மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை விடுபட்ட மரணங்கள் 444. அன்றைக்கு மாநிலத்தின் மொத்தக் கணக்கு 3,144.

அந்த 444 நமக்குச் செய்தியாக வந்தது ஒற்றை எண்ணாகத்தான். முந்தின நாள் வரை ஆளுக்கு இரண்டு வரி வாசித்துப் பழகிய எனக்கு அது உறுத்தியது. அதே சமயம், தப்பை அரசே ஒத்துக்கொண்டு எண்ணைத் திருத்தியது சின்ன விஷயமில்லை. 'அப்படின்னா இவங்க சொன்னது எல்லாமே பொய்யா?' என்று கேட்டவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. திருத்தமே வராத எண்தான் எனக்கு பயம்.

மரணங்கள் எப்படி விடுபடுகின்றன? எல்லா இடத்திலும் சதி தேவையில்லை. ஒரு படிவம் போதும். மருத்துவமனையில் இறந்தால் டாக்டர் நிரப்புவது படிவம் 4, வீட்டில் இறந்தால் 4ஏ. அதில் காரணம் ஒரு குட்டிக் கதை மாதிரி, ஆனால் பின்னோக்கி எழுதப்படுகிறது. மேல் வரியில் உடனடிக் காரணம்: மூச்சுச் செயலிழப்பு. அதன் கீழே அதற்குக் காரணம்: நிமோனியா. கடைசி வரியில் எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது: கொரோனா. சர்க்கரை போன்றவற்றுக்குத் தனியாக இன்னொரு பகுதி. உலக வழக்கப்படி கணக்கில் சேர்வது அந்த மூல காரணம்தான். அவசரத்தில் முதல் வரியோடு நிறுத்திவிட்டால் கொரோனா கதையிலிருந்தே காணாமல் போய்விடும்.

அந்த வரிக்கு விலையும் உண்டு. 2021இல் உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று முடிவானது. காகிதத்தில் அந்த ஒரு சொல் இல்லாத குடும்பங்கள் அலைந்தன. பரிசோதனையில் உறுதியாகி 30 நாளுக்குள் நேர்ந்த மரணத்தைக் கொரோனா மரணமாகவே கொள்ளலாம் என்று விதி 2021 செப்டம்பரில்தான் வந்தது.

நாடு முழுக்க இதே கதை, பெரிய எழுத்தில். 2020இல் இந்தியாவில் பதிவான மொத்த மரணங்கள் 81 லட்சம் சொச்சம், 2021இல் 1.02 கோடி. கூடுதலாகச் சுமார் 21 லட்சம். 2021இல் கொரோனாவுக்கு என்று அரசு சொன்ன மரணங்கள் மூன்றரை லட்சத்துக்கும் குறைவு. பதிவு செய்யும் பழக்கம் கூடியதும் ஒரு காரணம். வித்தியாசம் முழுவதும் கொரோனா என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பதிவேடு வெளியானதே 2025 மே மாதம்தான். நாலு வருஷம் கழித்து வரும் பதிலுக்குக் கேள்வி கேட்டவர்களே மிச்சமிருக்க மாட்டார்கள்.

அப்போ ஒரு அரசு எண்ணை எப்போது நம்பலாம்? வேறொரு கை எழுதிய இன்னொரு ஏடு இருந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து நாமே பார்க்க முடிகிறபோது. சென்னையில் 444 பேர் கணக்குக்குள் வந்தது அப்படித்தான். யாரோ மாநகராட்சி ஏட்டில் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்கள்.

2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இறப்புக் காரணச் சான்றின் ஒரு பிரதியை மருத்துவமனை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். அப்படி ஒரு காகிதம் என்றைக்காவது கைக்கு வந்தால், அழுகைக்கு நடுவிலும் ஒரு நிமிஷம் ஒதுக்கிக் கடைசி வரியைப் பாருங்கள். அது காலியாக இருந்தால், டாக்டரிடம் கேளுங்கள்.