பக்கத்தில் வைத்தால் போதுமா?

'சமையலறைக்குள் நுழைந்தபோது பால் பொங்கிக்கொண்டிருந்தது.' தமிழில் இது சாதாரண வாக்கியம். இதையே ஆங்கிலத்தில் 'என்டரிங் தி கிச்சன்' என்று ஆரம்பித்து, அடுத்து பாலைக் கொண்டுவந்து வைத்தால், பாலே நடந்து உள்ளே வந்த மாதிரி ஆகிவிடும். ஆங்கில நடைக் கையேடுகளுக்கு இந்த வகை ஜோக் ரொம்பப் பிடிக்கும். அடைமொழியை அது எதைக் குறிக்கிறதோ அதன் பக்கத்திலேயே வை என்பார்கள். ஸ்ட்ரங்க், ஒயிட் இருவரின் 'தி எலிமெண்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்' சொல்வதும் கிட்டத்தட்ட அதைத்தான்.

விதி தப்பில்லை. ஆனால் பால் நடந்ததாக யாரும் நினைக்கப்போவதில்லையே! ஆளைக் கவிழ்க்கும் வாக்கியத்தில் இலக்கணப் பிழையே இருக்காது.

அமெரிக்காவில் 1991இல் வந்த தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். தானாக டயல் செய்யும் கருவி எது? ஆங்கிலச் சொல்வரிசையிலேயே சொன்னால்: சேமிக்க அல்லது உருவாக்க, அழைக்கவேண்டிய எண்களை, (இங்கே ஒரு கமா) எண் ஜெனரேட்டரைக் கொண்டு. இந்தக் 'கொண்டு' உருவாக்குவதற்கு மட்டுமா, சேமிப்பதற்கும் சேர்த்தா?

ஃபேஸ்புக்கில் கணக்கே இல்லாத ஒருவருக்கு, உங்கள் கணக்கில் யாரோ நுழைகிறார்கள் என்று எஸ்எம்எஸ் வந்துகொண்டே இருந்தது. வழக்குப் போட்டார். உருவாக்குவதற்கு மட்டும் என்று படித்தால், நம்ம பாக்கெட்டில் இருக்கும் ஸ்மார்ட்ஃபோன்கூட சட்டத்துக்குள் வந்துவிடும். ஒவ்வொரு மீறலுக்கும் 500 டாலர், தெரிந்தே செய்திருந்தால் 1500 வரை. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கும்தான் என்றது, ஃபேஸ்புக் தப்பித்தது. நீதிபதி சோட்டோமயோர் எழுதிய தீர்ப்பில் அந்தக் கமாவும் ஒரு காரணம்.

2016இல், லாக்ஹார்ட் வழக்கில், இதே நீதிபதி வேறு மாதிரி எழுதியிருந்தார். அங்கே மூன்று குற்றங்களின் பட்டியல்; கடைசியில் 'சிறார் சம்பந்தப்பட்ட' என்பதுபோல ஒரு தொடர். அது கடைசிக் குற்றத்துக்கு மட்டும் என்றார். 6-2 தீர்ப்பு. ஒரு மனிதருக்குக் குறைந்தது 10 வருடச் சிறை என்பது அந்த வாசிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. எதிர்த்து எழுதிய எலினா கேகன், 'நடிகர், இயக்குநர் அல்லது தயாரிப்பாளர்' என்று அடுக்கிவிட்டுக் கடைசியில் ஸ்டார் வார்ஸ் படத்தின் பெயரைச் சொன்னால், ஏதோ ஒரு படத்து நடிகர் என்றா புரிந்துகொள்வோம் என்ற மாதிரி கேட்டார். எனக்குக் கேகன் பக்கம்தான் நியாயமாகப் படுகிறது.

'பக்கத்தில் வை' இங்கே என்ன செய்யும்? ஒரே தொடர் மூன்று சொற்களுக்குப் பக்கத்தில் உட்கார முடியாது. கோட் எழுதும்போது அடைப்புக்குறி போட்டுவிடுவோம். வாக்கியத்தில் அந்த வசதி இல்லை. முன்னால் தள்ளினாலும் தீராது: 'பழைய புத்தகங்களும் பத்திரிகைகளும்' என்றால் பத்திரிகையும் பழசா? ஒவ்வொன்றோடும் திரும்பச் சொல்லவேண்டும், அல்லது வரிசையை மாற்றவேண்டும். திரும்பச் சொல்வது நடைக்குக் கேடு என்று அதே கையேடுகள் பயமுறுத்தும், அது வேறு.

ஒப்பீட்டிலும் இதே கதைதான். 'சென்னையின் வெயில் பெங்களூரைவிட அதிகம்' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால், வெயிலை ஊரோடு ஒப்பிடுகிறாய் என்று சிவப்பு மை விழும். இதில் யாருக்குக் குழப்பம்? 'ரவிக்கு என்னைவிட சினிமா பிடிக்கும்' என்பதுதான் வம்பு. எனக்குப் பிடிப்பதைவிடவா, என்னைப் பிடிப்பதைவிடவா? ஆங்கிலத்தில் 'தேன் மீ' என்று முடித்தாலும் அதே இரண்டு அர்த்தம். 'தேன் ஐ டூ' என்று எழுதினால் தீர்ந்தது. ரவியின் மனைவிக்குத்தான் எது உண்மை என்று தெரியும்.